நாற்பதில் ஒரு தடவை

வேலைக்கு நான் ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை, ஐயா. திண்டுக்கல்லில் எங்களுடையது சின்ன நிறுவனம். கிணற்று மோட்டாரைக் கைப்பேசியிலிருந்தே ஓட்டும் பெட்டி செய்கிறோம். அதற்குள் இருக்கும் மென்பொருளைக் கணினி தானாகவே சோதிக்கும். அந்தச் சோதனைகளுக்கு நான் பொறுப்பு. எல்லாம் தேறினால் திரையில் பச்சை. ஒன்று தவறினாலும் சிவப்பு, பெட்டி வெளியே போகாது.

ஜீவிதா என்னிடம் வேலை பார்த்தாள். கெட்டிக்காரி. கைப்பேசியில் பூட்டுப் போட்டுவிட்டால், கரண்ட் போய் வந்தாலும் மோட்டார் ஓடக்கூடாது. அதற்கு அவள் எழுதிய சோதனை எப்போதாவது சிவப்பு காட்டியது.

“அண்ணே, நாப்பதுல ஒரு தடவ பெட்டி பூட்ட மறந்துருது. அந்நேரம் யாராச்சும் வயர்ல கைய வச்சிருந்தா?”

“சிவப்பு வராதபடி சோதனையோட தரத்த உயர்த்தும்மா,” என்றேன்.

அவள் மாட்டேன் என்றாள். நானே உயர்த்தினேன். தவறினால் இன்னும் நான்கு தடவை ஓடும், ஒன்றில் தேறினாலும் பச்சை. இரண்டு வரிதான். திரை பச்சையானது, பெட்டிகள் வெளியே போயின. முதலாளி எல்லோருக்கும் வடையும் காபியும் வரவழைத்தார். ஜீவிதா தொடவில்லை. அந்த மாதமே வேலையை விட்டுப் போனாள். அவள் விசாரணையில் உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மை.

பக்கத்தில் எரியோடு ஊரில் தக்காளி போட்டிருந்த பொம்மையன் எங்கள் பெட்டியைத்தான் வாங்கியிருந்தார். மோட்டார் வயரைச் சரிபார்க்கக் கிணற்றில் இறங்கியபோது கரண்ட் போய் வந்தது. ஷாக் அடித்து அங்கேயே இறந்தார். நிறுவனத்தின் சார்பில் மாலையோடு நான்தான் போனேன். அவர் மனைவி மாயம்மாள் கைப்பேசியை நீட்டினார்.

“பூட்டிருக்குன்னுதான்யா காட்டுச்சு. நாந்தான் பாத்துட்டு, எறங்குங்கன்னு சொன்னேன்.”

“நல்லாப் பாத்தீங்களாம்மா?” என்று மெதுவாகக் கேட்டேன். வேறெதுவும் சொல்லவில்லை.

கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தெரியலையேய்யா,” என்றார்.

அன்று மதியமே ஜீவிதாவின் சோதனையைப் பழையபடி ஓட்டிப் பார்த்தேன். முப்பத்தொன்றாவது தடவை சிவப்பு. என் இரண்டு வரிகளைத் திரும்பச் சேர்த்துவிட்டு எழுந்தேன். வெளியே இன்னும் அறுநூறு பெட்டிகள் இருக்கின்றன.

தெரிந்தேதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். மாயம்மாளிடம் மட்டும் சொல்லவேண்டாம், ஐயா. சரியாகப் பார்க்காமல் புருஷனைக் கொன்றுவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லி அழுகிறாராம். இந்த நிலையில் அந்த அம்மாவின் மனத்தை நோகடிக்க எனக்கு மனசு வரவில்லை.