கரும்பாறையும் சுண்டெலியும்

— பெட்டியைக் கீழ வை. பேசிட்டுப் போ.

— அக்கா கார் அனுப்பிட்டா. பேச வேண்டியதையெல்லாம்தான் முந்தாநாள் ஸ்டுடியோவுல மைக்லயே பேசிட்டீங்களே!

— அப்படி என்ன சொல்லிட்டேன்? உன் டிரம்ஸ் தாளத்துல கொஞ்சம் பின்னால இழுக்குதுன்னேன்.

— வயலின்காரங்க அத்தனை பேர் முன்னாடி! கட்டின பொண்டாட்டியை! இனிமே நீங்க வாசிக்கிற பக்கம் தலைவச்சும் படுக்க மாட்டேன்.

— ரெண்டே நிமிஷம். யார்கிட்டயும் மூச்சு விடாதே, வேலை போயிடும். ரேடியோவுல ஓயாம போடுறாங்களே, ‘ஏழாவது மாடி’ன்னு ஒரு ராக் ஆல்பம்...

— ஆமாமா, யார் பண்ணினதுன்னு ஊரே மண்டையை உடைச்சுக்குது.

— அதுல பேஸ் கிடார் ‘கரும்பாறை’ நான்தான்.

— அடேங்கப்பா! இந்த உடம்புக்குக் கரும்பாறையா?

— சிரிக்காதே தாயே. வெளியில வாசிச்சது தெரிஞ்சா நம்ம கம்பெனிக்காரன் தொலைச்சிடுவான்ல? அதான் எல்லாருக்கும் புனைபேர். ஆளாளுக்குத் தனித்தனியா கூப்பிட்டாங்க. முதல்ல நான் வாசிச்சேன். மத்தவங்க அதைக் காதுல மாட்டிக்கிட்டு வாசிச்சிருக்காங்க. யாரு எவருன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது.

— அதுக்கும் நான் போறதுக்கும் என்ன சம்பந்தம்?

— டிரம்ஸ் ‘சுண்டெலி’ன்னு ஒருத்தன். போட்டுக் காட்டுறேன், கேளு. பல்லவி முடியுதா... இங்க நான் ஒரு துளி லேட்டு.

— ஒரு துளியா?

— சரி, நல்லாவே லேட்டு. ஆனா அவன் என்னை விட்டுட்டு ஓடல பாரு. கையைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிறான். நான் வந்தப்புறம்தான் அடிக்கிறான். எல்லாப் பாட்டுலயும்! ஜனங்க கிறுக்கா இருக்கிறதே அந்த இடத்துக்குத்தான்.

— சும்மா இழுத்திருப்பான்.

— இழுக்கிறவனுக்கும் காத்திருக்கிறவனுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? முகமே தெரியாத ஒருத்தன் என்னை இவ்வளவு பொறுத்துப் போறான். நான் உன்னைப் பொறுக்காம வாய்விட்டேன். தப்புதான். நீ போயிட்டா இந்த வீட்ல எனக்கு இருப்பே கொள்ளாது. அந்த ஆளைக் கண்டுபிடிச்சு, ‘எப்படிய்யா காத்திருக்கே?’ன்னு கேட்டுட்டாவது வர்றேன்.

— கார் ஹாரன் அடிக்குது.

— அப்ப போறியா?

— போய் டிரைவரைத் திருப்பி அனுப்புங்க. அப்புறம்... பல்லவி முடிஞ்சா நீங்க மூக்குக்கண்ணாடியைத் தூக்கி விட்டுட்டுத்தானே அடுத்ததை வாசிப்பீங்க? கல்யாணத்துக்கு முன்னாடியிலருந்து அதுக்குத்தாங்க நான் கையைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிறேன்.