சூசைமாணிக்கத்தின் லாரிப் பெட்டி

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் கடைக்காரர்கள் சங்கத் தலைவர் சின்னண்ணன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பங்குச் சாமியார் அவர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் நெசவாளத் தோழர்களே, தாய்மார்களே, உள்ளே வரப் பயந்து வாசலிலேயே நிற்கும் நண்பர்களே! உங்கள் எல்லோருக்கும் கைலாசத்தின் வணக்கம். நான் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவன். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனால் எனக்குச் சோறு இறங்காது.

ரேடியோ சூசைமாணிக்கம் மறைந்துவிட்டார்! ரேடியோ ரிப்பேர் கடை வைத்துக்கொண்டு, மின்சாரக் கிட்டாருக்கும் பேஸ் கிட்டாருக்கும் தன் கையாலேயே சத்தத்தைப் பெருக்கும் வால்வு ஆம்ப்ளிஃபயர் பெட்டி செய்து கொடுத்த எங்கள் அண்ணன் மறைந்துவிட்டார்! இந்தச் சேலம் ஜில்லாவில் அந்த வேலையை அவருக்கு முன்னால் யார் செய்தார்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், யார் செய்தார்?

நமது தலைவர் இப்போதுதான் பேசி அமர்ந்தார். அண்ணனை நன்றாகவே புகழ்ந்தார், மறுக்கவில்லை. கடைசியில் என்ன சொன்னார்? 'அந்தப் பெட்டிகள் ஆளை அடிக்கிற சாமான். அவற்றை உடைத்துக் காயலான் கடையில் போட்டுவிட்டு, கடையை இந்த மாதத்தோடு காலி செய்வதுதான் அந்த அம்மாளுக்கும் ஊருக்கும் நல்லது' என்றார். கடைக் கட்டடம் அவருடையது. அதனால் அது வெறும் யோசனை அல்ல, உத்தரவு. அந்த அம்மாள் ஜெபமலர் முதல் வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டார். கணவரைப் புதைத்த ஈரம் காயவில்லை, அதற்குள் கடைக்குப் பூட்டா?

ஊரெல்லாம் ஒரு பேச்சு உலவுகிறது. அவர் செய்த பெட்டியே அவரை அடித்துவிட்டதாம்! உடம்பு மஞ்சளாக இருந்ததாம், அது கரண்டு எரித்த நிறமாம்! யார் பார்த்தது? ஐயா, அவருக்கு வந்தது மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்தவன் நான். மஞ்சள் காமாலையில் மனிதன் மஞ்சளாக இல்லாமல் பச்சையாகவா இருப்பான்?

அவரை எப்படிச் சந்தித்தேன் என்று சொல்கிறேன். குமாரபாளையத்தில் ஒரு கல்யாணம். எங்களுக்கு பேஸ் கிட்டார் புதிது. சவுண்டு செட்டுக்காரரின் குழாய் ஸ்பீக்கரில் அதை மாட்டி, தாலி கட்டுகிற நேரத்தில் அடித் தந்தியை ஓங்கித் தட்டினேன். குழாய்க்குள் தகடு கிழிந்து, எருமை கத்தியதுபோல் ஒரு சத்தம். மாப்பிள்ளை தாலியையே நழுவவிடப் பார்த்தார்! சவுண்டு செட்டுக்காரர் என் சட்டையைப் பிடித்துவிட்டார். பந்தியில் உட்கார்ந்திருந்த ஒருவர் பாதிச் சாப்பாட்டில் கையை உதறிக்கொண்டு எழுந்து வந்தார்.

"ஏனுங்க, அவரை உடுங்க. அது பேச்சுக்குச் செஞ்ச குழாயிங்க. இந்த வாத்தியம் அடிவயித்துல இருந்து பேசுது, குழாய் என்ன பண்ணும்?" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நம்ம ஊட்டுக்கு வாங்க, இதுக்குத் தக்கன பெட்டி ஒண்ணு செஞ்சு பார்த்துருவமுங்க" என்றார். அவர்தான் சூசைமாணிக்கம்.

முதல் பெட்டி தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்தது. வாசித்தால் பாட்டை விடப் பலகை அதிகமாகப் பாடியது. அண்ணன் நாமக்கல் போய், லாரி பாடி கட்டும் ஆசாரியைப் பிடித்து, லாரிப் பலகையிலேயே கூடு அடித்துக்கொண்டு வந்தார். ஆசாரி பழக்கதோஷத்தில் மூலைக்கு மூலை இரும்புப் பட்டை அடித்து, பச்சையும் மஞ்சளுமாகப் பூப் போட்டு அனுப்பிவிட்டார். நம்பர் பிளேட்டு எங்கே என்று வீதியே கேலி செய்தது. அண்ணன் சிரித்துக்கொண்டே, "லாரி எந்த ஊருக்கும் போவுதுங்க. இதுவும் போகட்டும்" என்றார். போயிற்று! திருச்செங்கோட்டுக்கும் மேச்சேரிக்கும் ராசிபுரத்துக்கும் பஸ் கூரை மேல் ஏறிப் போயிற்று! தறிகள் ஓடி மின்சாரம் இளைத்துப்போகிற நேரத்திலும் வேலை செய்யும்படி, நம் ஊர்க் கரண்டுக்கென்றே செய்த பெட்டி அது.

அந்தப் பெட்டிக்குள் ஆளைக் கொல்லும் கரண்டு இருக்கிறது. இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அதனால்தான் பெட்டியைத் திறந்து வைத்து வேலை செய்யும்போதெல்லாம் அண்ணன் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். இரண்டு கையும் உள்ளே போனால் கரண்டு நெஞ்சு வழியாகப் பாயும் என்பது அவர் கணக்கு. தெரியாதவர்கள் அதைத் திமிர் என்றார்கள், ஜமீன்தார் நிற்கிறார் பார் என்றார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவ்வளவு கவனமாக இருந்த மனிதரைக் கரண்டு அடித்தது என்கிறீர்களே, நியாயமா?

தறி மோட்டாரில் கரண்டு இல்லையா? எத்தனை பேர் விரலைக் கொடுத்திருக்கிறோம்! லாரி ஆளை அடிக்கவில்லையா? எந்த லாரி ஷெட்டை மூடினீர்கள்? வயிற்றுப் பிழைப்பு என்றால் ஆபத்து பரவாயில்லை, பாட்டு என்றால் மட்டும் பயம் வந்துவிடுமோ?

இனி அந்தக் கடையை யார் நடத்துவது என்று கேட்டார் தலைவர். சொல்கிறேன். அந்தப் பெட்டிகளின் டிரான்ஸ்பார்மர்களுக்குச் செம்புக் கம்பி சுற்றியது யார்? ஜெபமலர் அக்கா! எங்கள் வீட்டில் தறிக்குத் தார் நூல் சுற்றுகிற ராட்டையை வாங்கிப்போய், நூலுக்குப் பதில் கம்பியைச் சுற்றியவர் அவர். எண்ணிக்கை தப்பாமல் இருக்க நூறு சுற்றுக்கு ஒரு ஜெபமாலை மணி தள்ளுவார். யாரோ சாமியாரிடம் போய்க் கோள் சொன்னார்கள். சாமியார் வந்து விசாரித்தார், இதோ இங்கேதான் இருக்கிறார், அவரே சாட்சி. அக்கா ராட்டையை நிறுத்தவில்லை. "இருங்க சாமி, இந்த நூறு முடியட்டும். நடுவுல பேசுனா தப்பிப்போயிருமுங்க. மாதாவே காத்திருக்காங்க" என்றார். சாமியார் காத்திருந்தார்! பிறகு கோயில் திருவிழாவுக்கு ஒரு பெட்டி வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியாகச் செய்த பெட்டிகளில் ஈயம் பற்ற வைத்ததும் அக்காதான்.

தலைவர் அவர்களே, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அரை மணி நேரம் இந்த மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினீர்களே, உங்களுக்கு ஏதாவது ஆயிற்றா? எங்கள் குழுத் தம்பி குழந்தைவேலு, மேடையில் வைத்திருக்கிற அண்ணன் படத்தைக் கொஞ்சம் கையில் எடுத்துக்கொள்ளப்பா. மாலை சரியாமல் எடு. இதோ, படத்துக்குக் கீழே விரித்த வெள்ளைத் துணியை எடுக்கிறேன். பார்த்துக்கொள்ளுங்கள்! பச்சை, மஞ்சள், பூ! நீங்கள் இதுவரை கேட்டதெல்லாம் இந்த மைக்கை மாட்டியிருக்கும் லாரிப் பெட்டி பேசியது. பெட்டியை உடைக்கச் சொன்ன பேச்சைக்கூட இந்தப் பெட்டிதான் கடைசி வரிசை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது!

வாசலில் இருப்பவர்கள் உள்ளே வாருங்கள். தலைவர் அவர்களே, உட்காருங்கள். நீங்கள் கெட்டவர் அல்ல, பயந்துவிட்டீர்கள், அவ்வளவுதான். நேற்று அக்கா என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "அவரு போயிட்டாருங்க கைலாசம். என் கையி போகலீங்களே" என்றார். அழுதுகொண்டுதான் சொன்னார். என்னாலும் தாங்க முடியவில்லை.

ஆகவே நாங்கள் சொல்லிவிட்டோம். திங்கட்கிழமை கடை திறக்கும். அண்ணன் உட்கார்ந்த முக்காலியில் அக்கா உட்காருவார். எங்கள் குழுவின் அடுத்த பெட்டி அங்கேதான் செய்யப்படும், அதன் சத்தம் போகிற ஊரிலெல்லாம் சூசைமாணிக்கத்தின் பெயரும் போகும். பூட்டோடு வருகிறவர் வரட்டும், கடை வாசலில் எங்கள் குழு மொத்தமும் வாத்தியத்தோடு நிற்கும்!

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது இரண்டு நிமிட மௌன அஞ்சலி. மன்னிக்க வேண்டும், அதை நான் மாற்றுகிறேன். வாழ்நாள் முழுக்கச் சத்தத்துக்காகவே பாடுபட்ட மனிதருக்கு மௌனம் எதற்கு? எல்லோரும் எழுந்து நில்லுங்கள். மைக்கைக் கழற்றிவிட்டுக் கிட்டாரை மாட்டுகிறோம். ஜெபமலர் அக்கா, மேடைக்கு வாங்க. வந்து சத்தத்தைக் கூட்டுங்க!