யாருக்கு இந்த மாத்திரை?

தையல்காரர்: கடைன்னு திறந்து வெச்சா கேட்ட மாத்திரையைக் குடுக்கணும். வேறென்ன வியாக்கியானம்?

மருந்துக்கடைக்காரி: தரமாட்டேன்னா தரமாட்டேன். நல்லாக் கத்துங்க. தொண்டை கட்டினா அதுக்கு மருந்து தரேன்.

மாடிவீட்டுக்காரி: ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவா… இல்ல, வேணாம், மெதுவாப் பேசினா எனக்குக் கேக்காது.

தையல்காரர்: அக்கா, வாங்க வந்ததை வாங்கிட்டுக் கிளம்புங்களேன்.

மாடிவீட்டுக்காரி: இருமல் மருந்துதான். இருமல் எங்க ஓடிடப் போகுது.

தையல்காரர்: முதுகுவலிம்மா. நாளெல்லாம் மெஷின்ல குனிஞ்சே கிடக்கிறேன்…

மருந்துக்கடைக்காரி: இதுவரைக்கும் எங்க வாங்கினீங்க?

தையல்காரர்: பஸ் ஸ்டாண்டு பக்கம். இப்ப அவனும் டாக்டர் சீட்டு கேக்கிறான்.

மருந்துக்கடைக்காரி: நானும் அதைத்தான் கேக்கிறேன்.

தையல்காரர்: ஆஸ்பத்திரிக்குப் போனா அரைநாள் வரிசை. பொண்ணு கல்யாணத்தை வெச்சுக்கிட்டு…

மருந்துக்கடைக்காரி: அந்த வரிசைக்கு முன்னாடி நான் இருக்கேன்ல? அதுக்குத்தான் அரசாங்கம் தெருவுக்குத் தெரு மருந்துக்கடைக்கு லைசென்ஸ் குடுத்திருக்கு. மாத்திரையை எண்ணிப் போட மட்டும்னா மளிகைக்கடையே போதும்.

மாடிவீட்டுக்காரி: அப்படிப் போடு.

மருந்துக்கடைக்காரி: அக்கா, நீங்க போய் அந்த எடை மெஷின்ல ஏறிப் பாருங்க.

மாடிவீட்டுக்காரி: ஏறினேன். அது பொய் சொல்லுது. நீ மேல பேசு.

மருந்துக்கடைக்காரி: அண்ணே, உள்ள வாங்க. தட்டிக்கு இந்தப் பக்கம். முன்னே ஒருதரம் இதே மாத்திரை ஒண்ணைப் போட்டுட்டு, முகம் பூசணிக்காயா வீங்கி என் பெஞ்சுல விழுந்தீங்களே. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது யாரு?

தையல்காரர்: …நீங்கதான்.

மருந்துக்கடைக்காரி: இனி ஜென்மத்துக்கும் இதைத் தொடாதீங்கன்னு சொன்னது?

தையல்காரர்: நீங்கதான்.

மருந்துக்கடைக்காரி: அப்ப இதைத் தின்னுறது யாரு?

தையல்காரர்: …என் சம்சாரம். மூட்டுவலிக்குன்னு மாசக்கணக்காப் போடுறா. இப்ப வயித்துலயும் வலி. நேத்து எந்திரிக்கும்போது கண்ணை இருட்டிட்டு வந்து விழுந்துட்டா.

மருந்துக்கடைக்காரி: வெளிக்குக் கறுப்பாப் போகுதா?

தையல்காரர்: தார் மாதிரி இருக்குன்னு சொன்னா.

மருந்துக்கடைக்காரி: வயித்துக்குள்ள ரத்தம் கசியுதுண்ணே. இன்னும் நாலு மாத்திரை உள்ள போனா, கல்யாணத்துல அவங்க நாற்காலியில படத்தைத்தான் வைக்கணும்.

தையல்காரர்: வாயைக் கழுவுங்கம்மா… மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா நோயாளி வீட்டுப் பொண்ணும்பாங்க. கல்யாணம் முடியற வரைக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு அவ சத்தியம் வாங்கியிருக்கா. வெளிய நிக்கறாங்களே, அந்தக்கா மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தம்.

மருந்துக்கடைக்காரி: சத்தியத்தை என்கிட்ட வெச்சுட்டுப் போங்க, பத்திரமா இருக்கும். ஆட்டோ கூப்பிடுறேன். எந்த மாத்திரை, எவ்வளவு நாளான்னு அவசரப் பிரிவு நர்சுக்கு இப்பவே ஃபோன்ல சொல்லிடுறேன். வரிசை கிடையாது. இன்னைக்கே, இப்பவே.

தையல்காரர்: அவ வரமாட்டேம்பா…

மருந்துக்கடைக்காரி: வரலேன்னா கடையைப் பூட்டிட்டு நானே வந்து தூக்கிட்டுப் போறேன். நடங்க.

தையல்காரர்: அக்கா… நீங்க எதுவும்…

மாடிவீட்டுக்காரி: எனக்கு ஒண்ணுமே கேக்கல. தார்னா என்னன்னே எனக்குத் தெரியாது.

* * *

மாடிவீட்டுக்காரி: வாங்க தையல்காரரே. கல்யாணத்துக்கப்புறம் ஆளையே காணோம்?

தையல்காரர்: பொண்ணையும் மாப்பிள்ளையையும் ரயிலேத்திட்டு வரேன்க்கா. அவருக்குத் துறைமுகத்துல வேலை. சம்பந்தியம்மாவும் கூடவே போயிட்டாங்க.

மருந்துக்கடைக்காரி: வீட்டுல எப்படியிருக்காங்க?

தையல்காரர்: ரத்தம் ஏத்தி, புண்ணை ஆத்தி… இப்ப என்னைத் திட்டுற அளவுக்குத் தெம்பு வந்துடுச்சு. மாடிவீட்டக்கா, உங்களைத்தான் கையெடுத்துக் கும்பிடணும். கடைசி வரைக்கும் வாயைத் திறக்கலையே.

மாடிவீட்டுக்காரி: ம்… டீ குடிக்கிறீங்களா?

தையல்காரர்: ஏம்மா, நீங்க எதுக்குச் சிரிக்கிறீங்க?

மருந்துக்கடைக்காரி: என்கிட்ட வர்றவங்க சமாச்சாரம் இந்தக் கவுன்ட்டரைத் தாண்டாது. நான் சொல்லக் கூடாது.

மாடிவீட்டுக்காரி: நான் எப்பவும் கவுன்ட்டருக்கு வெளிப்பக்கம்தானே, நான் சொல்லலாம். அன்னைக்கு உங்க ஆட்டோ தெருமுனை திரும்பறதுக்குள்ள சம்பந்தியம்மாவுக்கு ஃபோன் போட்டுட்டேன்யா. அந்தம்மா முழுசாக் கேட்டுட்டு அழுதாங்க. கல்யாணம் முடியட்டும்னு அவங்களும் பையனுக்குத் தெரியாம அதே மாத்திரையைத்தான் தின்னுட்டு இருந்தாங்களாம். மறுநாள் அவங்க கையைப் பிடிச்சு இந்தக் கடைக்கு இழுத்துட்டு வந்ததே நான்தான்.