புத்தகத்துக்கு மட்டும் கொடுத்த பூனை

முடியாதுன்னா முடியாதுதான் சார். நீங்க எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில்தான். நல்லா இருக்கே கதை! கம்பெனி வக்கீல்னு சொல்லிக்கிட்டு வந்து, மொழிபெயர்க்கிறவ மேஜைக்கு முன்னாடியே உக்காந்து, ஒரு வார்த்தையைக் கொஞ்சம் மாத்தி எழுதுங்கங்கறீங்களே, கூச்சமா இல்ல?

முதல்ல அந்தப் பூனைப் பொம்மையை அகராதி மேலேருந்து எடுங்க. பரிசெல்லாம் எனக்கு வேணாம்.

சரி, கேளுங்க. பூனையை வரைஞ்சவரோட ஒப்பந்தத்துல பிரெஞ்சுல செஸ்யோன்னு போட்டிருக்கு. உரிமையை மாத்திக் கொடுக்கறது. உடனே நீங்க, மொத்தமா வித்துட்டார்னு எழுதிடுங்க மேடம்னு குதிக்கிறீங்க. பிரெஞ்சுக்காரங்க சட்டத்துல எதெதைக் கொடுக்கறோமோ அதை ஒவ்வொண்ணா எழுதணும் சார். எழுதாம விட்டது பூரா படைச்சவர்கிட்டயேதான் இருக்கும். இந்த ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்கு? அச்சுப் புத்தகம். அவ்வளவுதான். பொம்மை எங்க இருக்கு? கார்ட்டூன் எங்க இருக்கு? காட்டுங்க பாப்போம், பூதக்கண்ணாடி வேணும்னா தர்றேன்.

சிரிக்காதீங்க, எரிச்சலா வருது. ஒரு ரூமை வாடகைக்கு விட்டா வீட்டையே எழுதிக் கொடுத்ததா ஆயிடுமா?

அப்புறம் அந்தப் பேரு விஷயம். வரைஞ்சவர் பேரைப் போட்டே ஆகணும். அவரே வேணாம்னு கையெழுத்துப் போட்டாலும் அந்த உரிமை அவரை விட்டுப் போகாது. அப்படித்தான் அவங்க சட்டம். அந்தப் பத்தியையே மொழிபெயர்க்காம விட்டுடச் சொல்றீங்க. பூனையோட வால்ல உங்க கம்பெனி பேரை மட்டும் கொட்டை எழுத்துல தச்சிருக்கீங்க. மூலத்துல உள்ளபடின்னு எழுதி நான் முத்திரை குத்தணுமாக்கும்!

என்ன சொன்னீங்க? அந்த ஆளுக்குக் கை போயிடுச்சு, இனிமே வரையவே மாட்டான், யார் வந்து கேக்கப் போறான்னா? வாயைக் கழுவுங்க சார். கை நடுங்குனா, போட்ட கோடெல்லாம் அழிஞ்சு போயிடுமா? அந்தப் பூனையோட மடிஞ்ச காது சரியா வரணும்னு எத்தனை தாளைக் கிழிச்சுப் போட்டிருப்பார், தெரியுமா உங்களுக்கு? அவர்கிட்ட மிச்சம் இருக்கறதே அந்தப் பூனைதான். அதையும் புடுங்கிக்கணும், இல்ல?

காகிதத்தைப் பாத்த உடனே திருப்பி அனுப்பியிருக்கணும். உங்க வாயாலயே கேட்டுடணும்னுதான் வரச் சொன்னேன். கேட்டாச்சு. எடுத்துட்டுக் கிளம்புங்க.

போங்க, தாராளமா வேற ஆளைப் பாருங்க. எவனாவது முத்திரை குத்திக் கொடுப்பான். ஆனா விஷயம் கோர்ட்டுக்கு வரும், அன்னிக்கு எதிர்ப்பக்கம் நான் உக்காந்திருப்பேன். மொழிபெயர்ப்பாளரா இல்ல. சொந்தக்காரங்க பத்திரத்துக்கு முத்திரை போடக் கூடாதுன்னு எங்களுக்கு விதி இருக்கு.

யாரு அந்தச் சொந்தக்காரர்னா கேக்கறீங்க? வரும்போது உங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டாரே, தாழ்ப்பாளைப் பிடிக்க முடியாம ரெண்டு கையும் நடுங்க நடுங்க? நீங்ககூட, சீக்கிரம் திறய்யான்னு அதட்டுனீங்க. என் வீட்டுக்காரர்தான்.

பொம்மையைப் பைக்குள்ள போட்டு மூடிட்டுப் போங்க சார். அவர் இன்னும் அதைப் பாக்கல.