கதவைத் தட்டாமல் நுழையும் பாடம்

வாயால் சொல்லாமல் எழுதித் தருவதற்கு மன்னிக்கவும். காவல் நிலையத்தில் நாலு பேர் பார்க்கும்போது எனக்குப் பேச்சு வராது. பெயரையும் முகவரியையும் எழுத்தர் ஏற்கெனவே குறித்துக்கொண்டார். வயது இருபத்து நான்கு. பி.ஏ. ஆங்கிலம் படித்திருக்கிறேன், எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். தையல் கடை மாடியில் ஓர் அறை பிடித்து, வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுத்தருகிறேன்.

நேற்று மாலை வகுப்பில் மருந்துக் கடைப் பெண், அவள் தங்கை, எலக்ட்ரீஷியன் அண்ணன், இந்த வழக்கில் காயம்பட்ட அக்கா ஆகியோர் இருந்தார்கள். டயர் கடை வைத்திருக்கும் கணவர் அடித்ததால் அக்கா சில நாட்களாகத் தம்பி வீட்டில் இருக்கிறார். குழந்தையைத் தூக்கிப் போய்விடுவாரோ என்ற பயத்தில், மூன்று வயது மகளை வகுப்புக்கும் இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வருவார்.

அன்றைய பாடம் 'இன்ட்ரூட்' என்ற வினைச்சொல். அழைப்பில்லாமல் ஓர் இடத்துக்குள் நுழைவது, இருவர் பேசும்போது மூக்கை நுழைப்பது, பிறருடைய சொந்த வாழ்க்கையில் தலையிடுவது எல்லாவற்றுக்கும் அது வரும் என்று பலகையில் எழுதினேன். என் வகுப்பில் வினைச்சொற்களை நடித்துத்தான் படிப்போம். அதற்காகத் தாழ்ப்பாளை நான்தான் நீக்கினேன். எலக்ட்ரீஷியன் அண்ணன் வெளியே போய்த் தட்டாமல் உள்ளே வர வேண்டும், மற்றவர்கள் 'யூ ஆர் இன்ட்ரூடிங்' என்று சேர்ந்து சொல்ல வேண்டும். "அண்ணே, மீட்டர் பாக்க வந்த மாதிரி பதுங்கி வராதீங்க. மாமியார் வர்ற மாதிரி வாங்க" என்றாள் மருந்துக் கடைப் பெண். அக்காவும் சிரித்தார்.

அப்போது டயர் கடைக்காரர் படியேறி வந்திருக்கிறார். கதவுக்கு வெளியே நின்ற எலக்ட்ரீஷியன் அண்ணன் அவரை முன்பின் பார்த்ததில்லை. புதிதாகச் சேர வந்தவர் என்று நினைத்து, "நல்ல நேரத்துக்கு வந்தீங்க தம்பி. தட்டாதீங்க, தள்ளிட்டு நேரா உள்ள போங்க. என் மூஞ்சிதான் எல்லாருக்கும் தெரியுமே" என்று சொல்லியிருக்கிறார். இதைப் பின்னர் அவரே அழுதுகொண்டு என்னிடம் சொன்னார்.

கதவு சுவரில் மோதியது. பலகையைப் பார்த்து உட்கார்ந்திருந்த இரு பெண்களும் திரும்பிப் பார்க்காமலே பாடத்தை உரக்கச் சொல்லிக் கைதட்டினார்கள். அக்கா தட்டவில்லை. குழந்தையைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினார். "என்னைப் பாத்து இங்கிலீஷ்ல சிரிக்கிறீங்களா" என்று டயர் கடைக்காரர் கேட்டார். அதன் பின் கையிலிருந்த வீல் ஸ்பானரால் அக்காவின் முன்கையில் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் குறுக்கே போனதும் என் தலைமுடியைப் பிடித்துப் பலகையில் மோதினார். நெற்றி ரத்தம் பட்டு நான் எழுதியதில் பாதி அழிந்துபோனது. அதன் பின் கீழே விழுந்த அக்காவின் வயிற்றில் மிதித்தார். "பாப்பாவைப் பாக்க விடாதீங்க" என்று மட்டும் அக்கா சொன்னார். பின்னாலிருந்து கட்டிப் பிடித்த எலக்ட்ரீஷியன் அண்ணனைப் படியில் தள்ளிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். குழந்தையின் கையில் கலர் பென்சில் இருந்தது. மாடிப்படிச் சுவர் நெடுகப் பச்சைக் கோடு விழுந்திருக்கிறது.

இன்று காலை அவரைப் பிடித்து வந்தீர்கள். "அவங்க ஆளே உள்ள போகச் சொன்னான், நான் ஒண்ணும் அத்துமீறல" என்று அவர் சொல்வதாக எழுத்தர் சொன்னார். எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னது உண்மைதான். அவர் கதவைத்தான் காட்டினார். அக்காவின் கையையோ குழந்தையையோ காட்டவில்லை.

குழந்தை அப்பா வீட்டாரிடம்தானே இருக்கிறது என்றீர்கள். மதியம் நான் டயர் கடைக்காரரின் தமக்கை வீட்டுக்குப் போனேன். அவர் ஜன்னலைப் பாதி திறந்து, "கூப்பிடாம வர்றவளுக்கு இங்க என்னடி வேலை" என்றார். உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது. வாசலில் வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அடுத்தவர் வீட்டுக்குள் கேட்காமல் கால் வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

இதில் உள்ளது நான் கண்டதும் கேட்டதுமே. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்று கையெழுத்திட்டிருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும், இதுவரை வாய் வரவில்லை. இந்தத் தாளைக் கோப்பில் சேர்ப்பதற்கு முன் ஒரு பெண் காவலரை என்னோடு அந்த வீட்டுக்கு அனுப்புங்கள். அவர்களாகக் கதவைத் திறக்க மாட்டார்கள். அனுமதிக்குக் காத்து நிற்காமல் உள்ளே போக வேண்டும். முதலில் நானே நுழைகிறேன்.