சுல்மா வரைந்த விரிப்பு

கிரிசெல்டா: ...விரிப்போட அந்த முனையை இன்னும் இழுத்துக் கட்டுடி. ‘தெம்பர்லே’ன்னு நம்ம ஊர் பேரை எழுதினதுல பாதி ஊர் மடிப்புக்குள்ள போயிடுச்சு.

நொயெலியா: கட்டிக்கிட்டுத்தானே இருக்கேன். வாரம் பூரா கிவிப்பழம் அடுக்கின விரலு, முடிச்சு போட வர மாட்டேங்குது.

கிரிசெல்டா: இந்தக் கச்சேரிக்கு ஆக்லாந்து வர்ற வரைக்கும் கார்ல தூங்கினேல்ல. மூணு மணி நேரம் ஓட்டினவ நான்.

நொயெலியா: நீ ஓட்டுற வண்டியில யாருக்குத் தூக்கம் வரும்... கண்ணை மூடிக்கிட்டு வேண்டிக்கிட்டு வந்தேன்.

கிரிசெல்டா: எதிர்ப்பக்கம் பாரு. கோர்தோபா ஊர்க்காரங்க நம்மளதைவிடப் பெரிய துணியா கட்டியிருக்காங்க.

நொயெலியா: பெரிசா இருந்து என்ன, எழுத்தெல்லாம் கோணல். நம்ம சுல்மா கை வருமா அவங்களுக்கு? அவ தன் அம்மாவோட கட்டில் விரிப்புல வரைஞ்சுட்டு... அந்த அம்மா ஒரு வாரம் அவகூடப் பேசலை.

கிரிசெல்டா: அதான் சொல்றேன், அவளைக் கூப்பிடுவோம். நம்ம ஊர்ல இப்ப விடியக்காலை அஞ்சு மணி. ஆஸ்பத்திரி வேலைக்கு எழுந்திருப்பா. நம்ம நாட்டுப் பாட்டுக் குழு மேடைக்கு வந்ததும் போனைத் திருப்பிக் காட்டலாம். பதினஞ்சு வயசுலேர்ந்து இவங்க எங்க பாடினாலும் பின்னாடியே போனவ.

நொயெலியா: வேண்டாம்.

கிரிசெல்டா: ஏன்?

நொயெலியா: வர முடியாம போனவகிட்ட இதைக் காட்டி... எதுக்கு?

கிரிசெல்டா: அவளே கேட்டா. ‘விரிப்பை மாட்டினதும் கூப்பிடுங்க’ன்னு முந்தாநாள் எழுதியிருந்தா. உனக்கும்தான் எழுதினாளாம். நீ பதிலே போடறதில்லையாமே.

நொயெலியா: வேலை...

கிரிசெல்டா: வந்து எட்டு மாசம் ஆச்சு. எட்டு மாசமும் வேலையா?

நொயெலியா: ...கொஞ்சம் தள்ளி நில்லு. அந்த ஆளு பீரை விரிப்பு மேல கொட்டிடப் போறான்.

கிரிசெல்டா: பேச்சை மாத்தாதே.

நொயெலியா: இங்க வந்து வேலை செய்யற விசாவுக்கு இணையத்துல விண்ணப்பம் திறந்த அன்னிக்கு அவளுக்கு வேலை நாள். ஞாபகம் இருக்கா?

கிரிசெல்டா: வருஷத்துல ஒரு நாள், ஆயிரம் இடம். அது மறக்குமா?

நொயெலியா: பாஸ்போர்ட் நம்பர், பிறந்த தேதி எல்லாம் என்கிட்ட எழுதிக் கொடுத்துட்டுத்தான் போனா. ‘என்னோடதை முதல்ல போடு நொயெலியா. எனக்கு முப்பத்தஞ்சு முடியப் போகுது, அடுத்த வருஷம் வயசு தாண்டிடும், கேக்கவே முடியாது’ன்னா. சரின்னேன்.

கிரிசெல்டா: அவளோடதைத்தான் போட்டே. பாதியில திரை நின்னுபோச்சு, வேற வழியில்லாம உன்னோடதைப் போட்டேன்னு சொன்னியே.

நொயெலியா: நிக்கலை.

கிரிசெல்டா: நிக்கலையா?

நொயெலியா: அவளோடதை நான் தொடவே இல்லை. அஞ்சு நிமிஷ வேலைதானே, என்னோடதை முடிச்சுட்டு அவளோடதுன்னு... பக்கம் பக்கமா கேள்வி. முடிச்சு நிமிர்ந்தா இடம் தீர்ந்துபோச்சுன்னு வருது. அவகிட்ட பொய் சொன்னேன். அவ அழலைடி. ‘நீயாவது போறியே’ன்னு சொல்லி இந்த விரிப்பை மடிச்சு என் பெட்டியில வெச்சா.

கிரிசெல்டா: விளக்கை அணைச்சுட்டாங்க... வரப் போறாங்க.

நொயெலியா: கூப்பிடு. போனை என்கிட்ட குடு. இன்னிக்கே சொல்லிடறேன். திட்டட்டும், மூஞ்சியில முழிக்காதேன்னு சொல்லட்டும்.

கிரிசெல்டா: இப்ப வேண்டாம்.

நொயெலியா: இவ்வளவு நேரம் கூப்பிடு கூப்பிடுன்னு நீதானே நச்சரிச்சே?

கிரிசெல்டா: பாட்டைக் கேக்க வைக்கத்தான் சொன்னேன்... நீ சொல்லிட்டா நானும் சொல்லணும்.

நொயெலியா: உனக்கு என்ன இருக்கு சொல்றதுக்கு?

கிரிசெல்டா: உன்னை மட்டும் நம்பி அவ இல்லை. எதுக்கும் இருக்கட்டும்னு பாஸ்போர்ட் நம்பர் எல்லாத்தையும் எனக்கும் அனுப்பியிருந்தா. என்னோடது முடிஞ்சப்போ இன்னும் இடம் இருந்துச்சு நொயெலியா. அங்க இவங்க கச்சேரிக்குப் போற பஸ்ல ரெண்டு ரெண்டு பேரா சீட்டு... நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காருவீங்க, நான் பின்னாடி யாரோ ஒருத்தர் பக்கத்துல. இங்கயும் அப்படித்தான் ஆகும்னு தோணுச்சு. கையை மடியில வெச்சுக்கிட்டு, இடம் தீர்ற வரைக்கும் திரையைப் பாத்துக்கிட்டே இருந்தேன்.