மஞ்சள் கம்பம்

அன்று காலை தம்பி இரண்டாவது கப் டீ கேட்டான். முதல் கப்பில் சர்க்கரை பத்தவில்லை என்றான். ஊற்றிக் கொடுத்தேன். வாங்கும்போது என் விரல்களைப் பார்த்துவிட்டு, "நகமெல்லாம் என்னண்ணே, இவ்வளவு பெயின்ட்டு?" என்றான். படகு வேலை என்றேன். "கையைக் கழுவிட்டு டீ போட்டிருக்கலாம்ல" என்று சிரித்தான். அவன் மனைவியும் சிரித்தாள். மூவரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம்.

நீங்கள் கூப்பிட்டு நான் வரவில்லை. உங்கள் விபத்து அறிக்கையில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. படகோட்டியின் கவனக்குறைவு என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். கம்பத்தின் மஞ்சள் வெயிலில் வெளுத்துப் போயிருந்தது என்று இன்னோரிடத்தில். அவற்றைத் திருத்த வந்திருக்கிறேன்.

நான் படகுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். பழைய கலங்கரை விளக்கத்தின் சாவியும் என்னிடம்தான். அதன் மேல்மாடத்திலிருந்து தெரியும் கடலை இருநூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ வரைந்த படம் கீழ்ச்சுவரில் தொங்குகிறது. படத்தில் இருக்கும் தொடுவானம்தான் வெளியிலும் இருந்தது. பிறகு காற்றாலைக் கம்பெனி வந்து, கரையிலிருந்து ஒரு மைலில், காற்றை அளக்க ஒரு கம்பம் நட்டது. அடுத்து அறுபது காற்றாலைகள் என்றார்கள்.

தம்பி அந்தக் கம்பெனிக்குத்தான் படகு ஓட்டினான். வாரம் ஒருமுறை கம்பத்துக்குப் போய்க் கருவிகளைப் பார்த்து வருவான். "கரண்ட் போனா மொதல்ல கத்துறது நீதான். காத்தாடி மட்டும் கண்ணை உறுத்துதா?" என்பான். நியாயமான கேள்வி. வேறெங்காவது நடட்டும் என்பதே என் பதில். இன்றும் அதுதான்.

அந்தக் கடல் காட்சியைக் காப்பாற்றச் சொல்லி ஊரில் சிலர் சேர்ந்து அரசுக்கு மனுக் கொடுத்தோம். மூன்று அதிகாரிகள் நேரில் பார்க்க வருவதாக இருந்தது. விதிப்படி, மேல்மாடத்திலிருந்து பார்த்தால் மனிதன் கட்டிய எதுவும் கண்ணில் படக்கூடாது. பட்டால் காட்சி ஏற்கெனவே கெட்டது, மனு தள்ளுபடி. கம்பத்தின் மேல்பகுதி மெல்லிய கம்பிச்சட்டம், கரைக்குத் தெரியாது. அடிப்பகுதிதான் தொல்லை. நீரிலிருந்து நான்கு ஆள் உயரத்துக்குப் பளிச்சென்ற மஞ்சள்.

அதிகாரிகள் வருவதற்கு முந்தின நாள் மதியம் துடுப்புப் படகில் போய் அதன்மேல் கடல் நிறம் அடித்தேன். நிறத்தைக் கலக்கவே ஒன்பது நாள் பிடித்தது. வெள்ளையும் கறுப்பும் நீலமும் சேர்ந்தால் கடல் வந்துவிடாது. ஒரு துளி பச்சை வேண்டும், அதைவிடக் குறைவாகக் காவி. கம்பத்திலிருந்த மூடுபனி விளக்கின்மேல் சாக்கைக் கட்டி அதற்கும் அடித்தேன். திரும்பி வரும்போது நூறு துடுப்பு வலித்த தூரத்தில் நின்று பார்த்தேன். எனக்கே தெரியவில்லை.

மூடுபனியில் தம்பிக்கு ஒரு பழக்கம். மஞ்சள் கண்ணில் படும்வரை முழு வேகத்தில் போவான். பட்டதும் இன்ஜினைத் தணிப்பான். அதைக் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. நூறு தடவை அப்படித்தான் போய்வந்தான். டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே மூடுபனி இருந்தது. நானும் பார்த்தேன். கம்பத்துக்கு அடித்ததைச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே கம்பெனிக்குப் போன் செய்திருப்பான். "பார்த்துப் போ" என்றேன். எப்போதும் சொல்வதுதான்.

எட்டு மணிக்கு அதிகாரிகளோடு மேல்மாடத்தில் நின்றேன். பனி விலகட்டும் என்று கேமராவை நிறுத்திவைத்துக் காத்திருந்தார்கள். அங்கே பழைய மணி ஒன்று உண்டு. அது அடித்தால் எந்தப் படகும் நின்றுவிடும், அவனும் நின்றிருப்பான். கயிறு என் கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்கியது. அவன் இன்ஜின் சத்தம் கேட்டது. தணியவில்லை. பிறகு நின்றது. ஏன் மணி அடிக்கிறாய் என்று கேட்டால் அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

முக்கால் மணி நேரத்தில் பனி விலகியது. சுத்தமான தொடுவானம் என்று மூத்த அதிகாரி சொன்னார். படம் எடுத்து முடித்து அவர்கள் கார் கிளம்பிய பிறகுதான் நான் துறைமுகத்துக்குப் போன் செய்தேன். தம்பி லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தான். கம்பத்தில் மோதி அடிபட்ட பிறகும் அரைமணி நேரமாவது உயிரோடு மிதந்திருப்பான் என்று டாக்டர் சொன்னார்.

காட்சிப் பாதுகாப்பு உத்தரவு வந்தது. போன மாதம் கம்பத்தையும் பிடுங்கிவிட்டார்கள். தம்பி மனைவி இன்னும் என்னிடம்தான் கேட்கிறாள்: "அவர் ஏன் மாமா வேகத்தைக் குறைக்கல?" அவளுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். தம்பியைக் கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மஞ்சள் வெளுத்திருந்தது என்று எழுதினால் போடமாட்டேன்.

மீதி பெயின்ட் கால் டின் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. இன்று காலை மூடியைத் திறந்து ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். கடலும் அதுவும் இன்னும் ஒரே நிறம்தான்.